பல்கலைக்கழகத் தள மெனு: நகல் மார்க் ஷீட் பக்கம் யார் கண்ணிலும் படவில்லை

பல்கலைக்கழகத் தளத்தில் நகல் மார்க் ஷீட் பக்கம் யாருக்கும் அகப்படவில்லை, மெனுவின் எழுத்தைப் பெரிதாக்கலாமா என்று கேட்டு, மேல்வரிசைத் தலைப்புகளையும் அனுப்பியிருந்தீர்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் பயனில்லை. அந்தப் பக்கத்தைத் 'தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம்' என்பதன் அடியிலிருந்து எடுத்து, 'சான்றிதழ்கள்' என்று மேல்வரிசையிலேயே ஒரு தலைப்பு வைத்து அதன் கீழ் போடுங்கள்.

நீங்கள் கொடுத்த 9 தலைப்புகளும் அலுவலகப் பெயர்கள். மார்க் ஷீட்டைத் தொலைத்தவருக்கு எந்தப் பிரிவு நகல் தருகிறது என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை:

1. வண்ணம், படம் எதுவுமின்றித் தலைப்புகளை மட்டும் எக்செலில் படிநிலையாக எழுதுங்கள். மேல்நிலையை மட்டும் காட்டி, "கல்லூரியில் வாங்கிய மார்க் தாள் தொலைந்துவிட்டது, எதைச் சொடுக்குவீர்கள்?" என்று மாணவர்களைக் கேளுங்கள். மெனுவில் உள்ள சொல் கேள்வியில் வரக்கூடாது, வந்தால் அதைப் பார்த்தே சொடுக்கிவிடுவார்கள். முதல் சொடுக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். பலர் ஒரே தவறான இடத்துக்குப் போனால் அங்கேயும் ஓர் இணைப்பு வேண்டும்.

2. தளத் தேடல் பெட்டியில் மாணவர்கள் தட்டியவற்றைப் பாருங்கள். அவர்கள் 'அரியர்' என்று தேடும்போது மெனு 'துணைத் தேர்வு' என்றால் அகப்படாது.

அலுவலக ஊழியர்களை வைத்துச் சோதிக்காதீர்கள், அவர்களுக்குப் பிரிவுகள் மனப்பாடம்.

மெனுவில் இடம் மாறினாலும் யூஆர்எல்லை மாற்றாமல் விடுவதே நல்லது. மாற்றியே ஆகவேண்டுமென்றால் பக்கத்துக்குப் பக்கம் 301 (பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அதை சாஃப்ட் 404 ஆக, அதாவது அந்தப் பக்கமே இல்லை என்பதாக, எடுத்துக்கொள்ளக்கூடும்.