கட்டைவிரலை முதலில் காப்பாற்றுங்கள்

கேள்வி: ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறேன். கடல் தொழிலாளர்களும் பக்கவாதம் வந்தவர்களும்தான் அதிகம். சில மாதமாக வலது கட்டைவிரலின் அடியில் வலி. ஸ்கூட்டர் ஆக்சிலேட்டரைத் திருகக்கூட முடியவில்லை. இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. இந்தத் தொழிலையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம். கை வைக்கும் முறையை இன்றே மாற்றுங்கள்.

நம் தொழிலில் இடுப்பு, கழுத்தோடு சேர்ந்து அடிவாங்குவது கட்டைவிரல். விரல் நுனியில் ஒரு கிலோ விசையோடு எதையாவது கிள்ளிப் பிடித்தால், அடி மூட்டில் சுமார் 12 கிலோ இறங்குகிறது என்று 1977-லேயே கணக்கிட்டிருக்கிறார்கள். வலை இழுத்து இறுகிப்போன முதுகை நாள் முழுக்க நுனிவிரலால் அழுத்தினால் அந்த மூட்டு எப்படித் தாங்கும்? "இன்னும் நல்லா அழுத்துங்க டாக்டர்" என்பார்கள். அதற்காக அழுத்தாதீர்கள். நாள்பட்ட முதுகுவலிக்குப் பயிற்சிதான் நின்று பலன் தரும். அதை அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைப்பதும் சிகிச்சைதான். அழுத்தியே ஆக வேண்டிய இடத்தில் முழங்கையையோ, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை மேட்டையோ பயன்படுத்துங்கள். கட்டைவிரலை வைத்தால் பின்னால் வளையவிடாமல், மற்ற விரல்களால் முட்டுக் கொடுங்கள்.

நோயாளிக்குச் செய்யும் சோதனையை உங்களுக்கும் செய்துபாருங்கள். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது மணிக்கட்டோரம் சுரீரென்றால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) உறை வீங்கியிருக்கலாம். அடி எலும்பை அழுத்திச் சுழற்றும்போது வலித்தால் மூட்டைச் சந்தேகியுங்கள். இரண்டுக்குமே கட்டைவிரலை அசையாமல் பிடிக்கும் பட்டை உதவும். வண்டி ஓட்டும்போதும் போட்டுக்கொள்ளலாம்.

இடுப்புவலிக்குக் காரணம் பெரும்பாலும் நோயாளி படுத்திருக்கும் உயரம். தரையில் பாய் என்றால் குனிந்து நிற்காதீர்கள். தலையணை போட்டு ஒரு முழங்காலை ஊன்றி, அவருக்கு நெருக்கமாக உட்காருங்கள். பக்கவாத நோயாளியைத் தனியாகத் தூக்கவே கூடாது. நோயாளியைக் கையால் தூக்குவதற்கு அமெரிக்க ஆய்வாளர்கள் சொல்லும் உச்ச எடை சுமார் 16 கிலோ. ஒரு ஆளின் கால் மட்டுமே அதில் பெரும்பகுதி வந்துவிடும். அடியில் போர்வையை விரித்து, வீட்டில் இருப்பவரோடு சேர்ந்து நகர்த்துங்கள். இப்படிப்பட்ட நோயாளிகளை அடுத்தடுத்து வைத்துக்கொள்ளாமல், நடுவே லேசான வேலை வருகிற மாதிரி நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சில வாரத்தில் குறையாவிட்டாலோ இரவில் விரல்கள் மரத்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இடுப்புவலியோடு கால் பலமிழந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.