திறப்பு யாரிடம் இருக்கிறது?

கேள்வி: என் தங்கை டொரொண்டோவில் இருக்கிறாள். கொரோனா ஓய்ந்ததும் அங்கே மாநகர சபை மண்டபத்தில் வயது போனவர்களுக்கு உடற்பயிற்சி, பாட்டு, கூடியிருந்து சாப்பாடு என்று எல்லாம் திரும்பத் தொடங்கிவிட்டதாம். நாங்களும் ஆதனவரி கட்டுகிறோம். யாழ்ப்பாண மாநகர சபை எங்களுக்கு என்ன செய்தது? பிள்ளைகள் வெளிநாட்டில், காசு வரும் என்றுதானே எங்களைக் கைவிட்டார்கள்?
— ஒரு வாசகி, வண்ணார்பண்ணை

பதில்: அம்மா, கோபம் நியாயமானது. ஆனால் டொரொண்டோவை அவ்வளவு உயரத்தில் வைக்காதீர்கள். அந்த மாநகர சபை 10 முதியோர் பராமரிப்பு இல்லங்களைத் தானே நடத்துகிறது, உண்மைதான். அதே கனடாவில்தான் 2020இன் முதல் அலையில் கொரோனாவால் இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் பராமரிப்பு இல்லங்களோடு சம்பந்தப்பட்டவர்கள். ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் சில இல்லங்களுக்கு இராணுவத்தையே அனுப்பவேண்டி வந்தது. உள்ளே கண்டதைப் படையினர் எழுதிக் கொடுத்த அறிக்கை அந்த நாட்டையே தலைகுனிய வைத்தது. உங்கள் தங்கை இன்று போகிற உடற்பயிற்சி வகுப்பு அந்த வெட்கத்துக்குப் பிறகு நடக்கிற வகுப்பு.

இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் சரியில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அரசு மாதாமாதம் தருகிற முதியோர் கொடுப்பனவு 2,000 ரூபாவாக இருந்தது. அந்த நெருக்கடியில் 5,000 கொடுத்தார்கள், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கும் சேர்த்து. கிளினிக் மருந்து தபாலில் வீட்டுக்கு வந்தது. எங்கள் பெரியம்மாவுக்கு வந்த பொதி எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சீனி வருத்தக் குளிசை ஒரு பேப்பர் உறையில், பிறஷர் குளிசை இன்னொன்றில், மேலே நீலப் பேனையால் கிளினிக் இலக்கம். பெரியம்மா பொதியைப் பிரிக்கவே இல்லை. படலைக்கு அந்தப் பக்கம் முகக்கவசத்தோடு நின்ற தபால்காரரை மறித்துவைத்து, அவருடைய தாய் எப்படி, பிள்ளைகள் எத்தனை, மழை வருமா என்று கால்மணித்தியாலம் கதைத்தார். பத்து நாளாக அவர் வேறு மனித முகம் பார்க்கவில்லை. மனுசன் பாவம், சைக்கிளில் இன்னும் பத்துப் பதினைந்து பொதி கிடந்தது. ஆனாலும் நின்று பதில் சொன்னார்.

காசும் குளிசையும் எப்படியோ வந்து சேர்ந்தன. நின்றுபோனது அந்தக் கதை. ஊரடங்கு எடுபட்ட பிறகும் பலர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். கோயில், சந்தை, செத்தவீடு என்று வெளிக்கிடுகிற பழக்கம் விட்டுப்போயிற்று, முழங்காலும் பிடித்துக்கொண்டது. அடுத்து 2022. மண்ணெண்ணெய்க்கு வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு, கொடுப்பனவுக் காசு கையில் வரும்போதே பெறுமதி பாதியாகிவிடும்.

சரி, மாநகர சபைக்கு வருவோம். கொடுப்பனவு மத்திய அரசின் காசு, போய்க் கேட்கவேண்டிய இடம் பிரதேச செயலகம். கைதடி முதியோர் இல்லம் மாகாண சபையின் சமூக சேவைத் திணைக்களத்துக்கு உரியது. ஆகவே சபையிடம் போனால் “அது எங்கட வேலை இல்லை” என்பார்கள். சட்டப்படி பார்த்தால் அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் 4ஆம் பிரிவில், மக்களின் சௌகரியத்தையும் நலனையும் பேணுவது சபையின் கடமை என்றே சொல்கிறது. எழுபது தாண்டியவரும் மக்கள்தானே. தொகையும் கூடிக்கொண்டு போகிறது: 2012இல் நாட்டில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில், 2024 கணக்கெடுப்பில் 12 பேருக்கு மேல்.

இதில் ஒரு கொடுமை. தொற்றுக்குப் பிறகு ஊரைத் தூக்கி நிமிர்த்தவேண்டிய காலத்தில் சபையில் எழுந்து கேட்க ஓர் உறுப்பினரும் இருக்கவில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலுக்குக் காசில்லை என்று இழுத்து இழுத்து 2025 மே 6ஆம் திகதிதான் வாக்குப் போட்டோம். இரண்டு வருடத்துக்கு மேல் அதிகாரிகள்தான் ஆண்டார்கள். அந்த நேரம் நீங்களும் நானும் என்ன கேட்டோம்? தெருவிளக்கும் குப்பை வண்டியும்.

பிள்ளைகளின் காசு பற்றிக் கேட்டீர்கள். வருகிறதுதான், எல்லா வீட்டுக்கும் இல்லை. வருகிற வீட்டிலும் அதை வங்கியில் எடுத்துவர ஓர் ஆள் வேண்டும், ஓட்டோவுக்கு ஒரு தொகை வேண்டும். 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டப்படி, கவனிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டுப் பெற்றோர் முறையிடலாம். பிள்ளை டொரொண்டோவில் ஸ்காபறோப் பக்கம் இருந்தால் அழைப்பாணையை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? அதைவிட, எந்தத் தாய் முறையிடப் போகிறாள்?

டொரொண்டோ மண்டபம் எங்களுக்கு வேண்டாம். இருக்கிற இடங்களே போதும். ஒழுங்கைக்கு ஒழுங்கை சனசமூக நிலையம் இருக்கிறது, சபை நடத்துகிற ஆயுள்வேத மருந்தகம் இருக்கிறது, பூங்கா இருக்கிறது. காலை எட்டு மணிக்குச் சனசமூக நிலையத்து வாசிகசாலை திறந்திருக்கவேண்டும். சாய்மானம் உள்ள நாலு வாங்கு, படியில் பிடிக்க ஒரு கம்பி, பூட்டாத ஒரு கழிவறை. கழிவறையைத்தான் முதலில் கேட்பேன். பெரியம்மாவை எதற்குக் கூப்பிட்டாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான், இல்லையென்றால் வரமாட்டார். வாரத்தில் ஒரு நாள் பிறஷர் பார்க்க ஆள் வந்தால் இன்னும் நல்லது. அப்புறம் பாட்டு, உடற்பயிற்சி எல்லாம் அவர்களே தொடங்கிவிடுவார்கள்.

எங்கள் ஒழுங்கை வாசிகசாலை நெடுநாள் பூட்டிக் கிடந்தது. பேப்பர்காரன் பேப்பரைக் கம்பிக்குள்ளால் எறிந்துவிட்டுப் போவான். அது உள்ளே நனைந்து கிடக்கும். தினமும் காலையில் மூன்று முதியவர்கள் வந்து அதை வெளியில் நின்றே பார்ப்பார்கள், தலைப்பு மட்டும் தெரியும். திறப்பு யாரிடம் என்று விசாரித்தால், நிலையத்தின் செயலாளரிடமாம். செயலாளர் எங்கே? மகனோடு கொழும்பில். உங்கள் வட்டார உறுப்பினரைக் கண்டால் டொரொண்டோக் கதையை விட்டுவிட்டு, உங்கள் ஒழுங்கை நிலையத்தின் திறப்பு யாரிடம் என்று கேளுங்கள், அம்மா. பதிலை எனக்கும் எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.