1என்5817 கிடைக்கல, 4007 போட்டா பெடல் சவுண்டு கெட்ருமா?

கேள்வி இதுதான்: "அண்ணா, 4558 ஐசி வெச்ச கிட்டார் ஓவர்டிரைவ் பெடல் ஒண்ணு கட்டிட்டு இருக்கேன். பார்ட்ஸ் லிஸ்ட்ல டி1ங்கற டயோடுக்கு 1என்5817 போட்டிருக்கு, பவர் உல்டாவா குடுத்தாலும் பெடல் போகாம இருக்கத்தானாம். எங்க ஊர் கடைல 1என்4007 டயோடுதான் இருக்குங்கறாங்க, வீட்ல 1என்4148 டயோடு ஒரு பாக்கெட் கெடக்கு. மாத்திப் போட்டா சவுண்டு கெட்ருமா?"

போடலாம் தம்பி. ஆனா நம்பர வெச்சு முடிவு பண்ணாதீங்க, அந்த டயோடு போர்டுல எங்க உக்காந்திருக்குன்னு மொதல்ல பாருங்க, அதுலதான் எல்லாமே இருக்கு. மீட்டர பீப் அடிக்கிற மோட்ல வெச்சு ஒரு ப்ரோப டிசி ஜாக் கிரவுண்ட்ல புடிங்க, இன்னொண்ண டி1 ஓட்டை ரெண்டுலயும் தொட்டுப் பாருங்க. ஒண்ணு பீப் அடிச்சா டயோடு 9 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல பாரலல்ல இருக்கு. ரெண்டுமே அடிக்கலன்னா கரண்டு வர்ற வழியிலயே வாட்ச்மேன் மாதிரி நிக்குது, அது சீரிஸ். லிஸ்ட்ல 5817 இருக்குன்னா அனேகமா சீரிஸாத்தான் இருக்கும்.

சீரிஸ்ல 5817 ஏன் கேக்கறாங்கன்னா அது ஷாட்கி டயோடு, உங்க பெடல் இழுக்கற சில மில்லி ஆம்புக்கு 0.2, 0.25 வோல்ட்தான் முழுங்கும், 4007 0.6 பக்கம் முழுங்கும். அதாவது உள்ள 8.75க்கு பதிலா 8.4 போகும், அவ்ளோதான் வித்தியாசம். பேட்டரில வாசிச்சா புதுசுல 9.5ல ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல 8க்கு வந்துடுது, அத யாரும் காதுல கண்டுபிடிச்சதா நான் பாக்கல. ஜேஃபெட்ங்கற டிரான்சிஸ்டர் வெச்ச பெடல்னா மட்டும் போர்டுல இருக்கற டிரிம்பாட்ட, அதாவது குட்டி திருகு கண்ட்ரோல, திருப்பி பயாஸ (டிரான்சிஸ்டரோட வேலை வோல்டேஜ) மறுபடி செட் பண்ணிக்கங்க. 9 வோல்ட்ட 18 ஆக்குற சார்ஜ் பம்ப் பெடல்ல இந்த நஷ்டமும் டபுள் ஆகும், அங்க 5817க்கே காத்திருக்கலாம்.

4148? சீரிஸ்ல உங்க ஓவர்டிரைவுக்கு ஓடும், ஆனா அது 200 மில்லி ஆம்ப் டயோடு, டிஜிட்டல் டிலே ரிவெர்ப் பக்கம் கொண்டு போகாதீங்க. பாரலல்ல கண்டிப்பா வேண்டாம்.

பாரலல் கதையே வேற. சரியா குடுத்தா டயோடு சும்மா இருக்கும், உல்டாவா குடுத்தா மொத்த கரண்டையும் தானே வாங்கிட்டு சப்ளைய ஷார்ட் பண்ணிடும், அந்த அடிய தாங்க தடியான ஆளு வேணும், 1 ஆம்ப் 4001, 4007 அதுக்குன்னே பொறந்தது. ரெண்டுக்கும் வித்தியாசம் ரிவர்ஸ் வோல்டேஜ்தான், 50, 1000, நம்ம 9 வோல்ட்டுக்கு எதுவும் ஓகே. இங்க 5817 போட்டா எனக்குப் புடிக்காது, அதோட ரிவர்ஸ் லிமிட் 20 வோல்ட், லீக்கேஜும் ஜாஸ்தி. 100 மில்லி ஆம்ப்ல கட் ஆகுற சப்ளைன்னா டயோடு பொழச்சுக்கும், 2 ஆம்ப் அடாப்டர்ல டெய்சி செயின் (ஒரே அடாப்டர்ல இருந்து பல பெடலுக்கு போற வயர்) போட்டு வெச்சிருந்தா டயோடு வெந்துடும்.

ஒரு தடவ ஃப்ரெண்டு ஒருத்தன் கீபோர்டு அடாப்டர, சென்டர் பாசிட்டிவ், அப்படியே பெடல்ல சொருகிட்டான். என்கிட்ட வந்தப்ப உயிரே இல்ல, எல்ஈடி கூட எரியல, மூடிய கழட்டுனா ஒரே கருகல் வாசன. 4001 உள்ளயே ஷார்ட் ஆயிருந்துச்சு, சரியான அடாப்டர் குடுத்தாலும் அது சப்ளைய இழுத்துப் புடிச்சுக்குது. ஒரு கால கட் பண்ணி விட்டேன், பெடல் பாட ஆரம்பிச்சுடுச்சு. அப்படியே வாசிக்கக்கூடாது, புது டயோடு போட்டுத்தான் குடுத்தேன். செத்த பெடல் கைல வந்தா இன்னிக்கும் நான் மொதல்ல பாக்கறது இததான்.

காசு குடுத்துக்கூட வாங்க வேண்டாம், செத்துப்போன பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்ல பெரும்பாலும் 4007 நாலு இருக்கும். கடைக்காரர் 5817 இல்ல 5822 இருக்குன்னா வாங்காதீங்க, 3 ஆம்ப் சாமான், கால் தடிமன்ல ஓட்டைலயே நொழையாது. 5819 குடுத்தா கண்ண மூடிட்டு வாங்குங்க. என்ன குடுத்தாலும் மீட்டர் டயோடு மோட்ல பாருங்க, 4007னா 0.55 பக்கம் காட்டும், ஷாட்கின்னா 0.2க்கு கிட்ட.

கோடு பக்கம்: சீரிஸ்ல வெள்ளக் கோடு பெடல் உள்பக்கம் பாத்து, பாரலல்ல கோடு 9 வோல்ட் பக்கம். பிஎன்பி ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வெச்ச பழைய ஸ்டைல் ஃபஸ் பெடல்னா பாசிட்டிவ் கிரவுண்டா இருக்கலாம், அங்க எல்லாம் தலைகீழ். ஐசிய சாக்கெட்ல மாட்டுறதுக்கு முன்னாடி பவர் குடுத்து 8வது கால்ல அளந்து பாருங்க, 4007ஓட 8.4, 8.5 வந்தா சரி. சீரிஸ்னா வேணும்னே பேட்டரிய உல்டாவா தொட்டு அங்க ஒண்ணும் வரலன்னும் பாத்துக்கலாம், பாரலல்ல அந்த வெளையாட்டு வேண்டாம்.