கடைசி வரிசையும் பாடவேண்டும்

(வாசகர் கேள்வி – பதில். இந்த மாதம்: போராட்டப் பாடல். திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு எமது இசை, ஒலி, சட்டப் பகுதிகளைக் கவனிப்போர் தரும் பதில்கள்.)

மகாவலியில் மணல் அள்ளுவதை எதிர்த்து எங்கள் சங்கம் ஒரு பாட்டு எழுதியது. எட்டுச் சரணம். போராட்டத்தன்று எழுதியவரோடு இரண்டு பேர்தான் பாடினார்கள். மற்றவர்கள் கைதட்டியதோடு சரி. எங்கே பிழை? – மூதூர் வாசகர்

எட்டுச் சரணத்தில்தான். வெயிலில் நிற்பவரின் ஒரு கையில் பதாகை, மறு கையில் குடை, இல்லாவிட்டால் பிள்ளை. அவர் தாளை எங்கே பிடிப்பது? தாள் பார்த்துப் பாடவேண்டிய பாட்டு மேடைக்குச் சரி, தெருவுக்குச் சரிவராது.

கரைவலை இழுக்கும் இடத்தில் போய்க் கால் மணி நேரம் நின்று பாருங்கள். அம்பாவில் (வலை இழுக்கும்போது பாடும் பாட்டு) ஒருவர் அடியை எடுத்துக்கொடுப்பார், இழுப்பவர்கள் இரண்டே சொல்லில் வாங்குவார்கள். எடுப்பவர் அடியை மாற்றலாம், அப்போதே இட்டுக்கட்டலாம். வாங்குகிறவர்களுக்கு மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. கயிற்றில் பாரம் இருக்கும்போது வாயில் பாரம் வைக்கக் கூடாது என்று கடற்கரையில் எவரும் பாடம் எடுக்கவில்லை. வேலையே அப்படிச் செதுக்கிவிட்டது. உங்கள் எட்டுச் சரணமும் எடுப்பவரிடமே இருக்கட்டும். கூட்டத்துக்கு வாங்கும் அடி மட்டும் போதும். ஒரு மாதிரிக்கு:

எடுப்பு: ஆத்து மண்ணு லொறியிலே
கூட்டம்: ஏலோ ஏலோ
எடுப்பு: ஊத்துத் தண்ணி உப்பிலே
கூட்டம்: ஏலோ ஏலோ
எடுப்பு: ஆர் எழுதிக் குடுத்தது?
கூட்டம்: ஆளைக் காட்டு, ஆளைக் காட்டு!

கூட்டத்தின் அடி நெடில் உயிரில் முடிந்தால் இழுத்துப் பாடலாம். ஓ, ஆ, ஏ மூன்றும் திறந்த வாய். ‘நிறுத்துங்கள்’, ‘வேண்டும்’ என்று மெய்யில் முடியும் சொல் வாயை மூடிவிடும், நூறு பேர் நூறு நேரத்தில் மூடுவார்கள். கடைசியில் மட்டும் வேண்டுமென்றே ‘காட்டு’ என்ற குறுகிய வெட்டு. அது கோரிக்கை, பாட்டு அங்கே நின்றுவிட வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய வரிகளில் ‘சுற்றாடல் மாசு’, ‘இயற்கைச் சமநிலை’ என்று வருகிறது. அவை அறிக்கைச் சொற்கள். ஆற்றின் அடி ஆழமாகத் தோண்டப்பட்டால் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறும், பக்கத்துக் கிணறுகள் உவர்க்கும். இந்த நேர்க் காரணத்தைக் கிணற்றடியில் நிற்கும் பெண் எந்தச் சொல்லில் சொல்வாரோ அந்தச் சொல்லைப் போடுங்கள். களப்பு, கண்டல், கரைச்சை, வாடி என்று எங்கள் பக்கம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. மணல் அகழ்வுக்கும் கொண்டுசெல்வதற்கும் அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம். அப்படியானால் கேள்வி அந்த அனுமதிப் பத்திரத்தைப் பற்றியதாக இருக்கவேண்டும். ஒரு பாட்டில் ஒரு கோரிக்கைதான். மணலையும் டைனமைற் மீன்பிடியையும் பிளாஸ்ரிக்கையும் ஒன்றாகக் கட்டினால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) மனு வாங்குகிறவருக்கே தலை சுற்றும்.

ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடினால் பாதிப் பேர் கத்துகிறார்கள், பாதிப் பேர் முணுமுணுக்கிறார்கள். எந்தச் சுருதியில் எடுப்பது? – சங்கீத ஆசிரியை, உவர்மலை

2 கட்டையில் (ஆர்மோனியத்தில் D சுருதி) வையுங்கள். பெண்களுக்கு நடுஸ்தாயி சட்ஜத்திலிருந்து பஞ்சமம், மிஞ்சினால் தைவதம் வரை வசதி. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். மெட்டு ஆறு சுரத்துக்குள் நிற்கட்டும். மேல் சட்ஜத்தைத் தொட்டால் பயிற்சி இல்லாத குரல் உடையும், உடைந்தவர் அடுத்த சுற்றில் வாயைத் திறக்கமாட்டார்.

வழமையான பிழை, எடுப்பவர் உணர்ச்சிவசப்பட்டு 4 கட்டையில் தொடங்குவது. வீட்டில் பழகிய சுருதி தெருவில் நிற்காது. கைபேசியில் சுருதிப் பெட்டி இருக்கிறது. தொடங்குமுன் காதில் ஒரு தடவை கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) வேண்டாம், ஆசிரியைகளுக்கு இது கொஞ்சம் கஷ்டமான புத்திமதிதான்.

ஊர்வலத்தில் முன்னுக்கு ஒரு பாட்டு, பின்னுக்கு அதே பாட்டு அரை அடி பிந்தி. கேட்கச் சகிக்கவில்லை. – இளைஞர் கழகம், கிண்ணியா

பின்னால் வருகிறவர்களில் குற்றமில்லை. ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர் போகும். ஊர்வலம் 100 மீற்றர் நீளம் என்றால் முன்னால் விழும் அடி பின்னால் கேட்க 0.3 செக்கன் ஆகும். நிமிடத்துக்கு 90 தட்டு என்ற நடை வேகத்தில் ஒரு தட்டின் நீளம் 0.67 செக்கன். ஆக, கடைசி வரிசைக்கு ஏறக்குறைய அரைத் தட்டுப் பிந்தித்தான் அடி வந்து சேர்கிறது. அவர்கள் கேட்டபடி சரியாகத்தான் பாடுகிறார்கள்!

சத்தத்தைக் கூட்டினால் தீராது, கூடக் குழம்பும். முதலில் தாளத்தை முன்னணியிலிருந்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். எந்தப் பக்கமும் 50 மீற்றருக்கு மேல் தூரம் இருக்காது, தாமதம் பாதியாகும். அதைவிட நீளமான ஊர்வலம் என்றால் 30–40 மீற்றருக்கு ஓர் ஆள் றபானோ (கைமேளம்) களிகம்போ (கோலாட்டக் கம்பு) தட்டட்டும். அவர்கள் முன்னுள்ளவரைக் காதால் கேட்டுத் தட்டக் கூடாது, கண்ணால் பார்த்துத் தட்டவேண்டும். முன்னணி ஆள் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி இறக்க, பின்னால் உள்ளவர் அந்தக் கை விழும்போது அடிக்கவேண்டும். களிகம்புக்கு இதில் ஒரு வசதி உண்டு. கம்பு மேலே போவது தூரத்திலிருந்தே தெரியும். கிண்ணியாவில் பழகிய கைகளுக்கா பஞ்சம்?

மற்ற வழி, ஊர்வலத்தை வெவ்வேறு பாட்டுக் குழுக்களாகப் பிரித்து நடுவில் 40 மீற்றர் இடைவெளி விடுவது. ஆனால் இடைவெளிக்குள் பஸ் புகுந்துவிடும்.

வாடகைக்கு எடுத்த ஹோர்ன் ஒலிபெருக்கி கடற்கரையில் கூவுகிறது, சொல் விளங்கவில்லை. – மாதர் சங்கம், திருகோணமலை நகரம்

கூவுவது, மைக்கில் ஹோர்னின் சத்தமே திரும்ப நுழைவதால். லான்ட் மாஸ்ரர் (இரு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் ஹோர்னைப் பின்பக்கம் பார்க்கக் கட்டிவிட்டு, பாடுகிறவர் மைக்கோடு பின்னால் நடந்துவந்தால் கூவாமல் என்ன செய்யும்? பாடுகிறவர் பெட்டிக்குள், ஹோர்னின் முதுகுப் பக்கம் நிற்கவேண்டும். மைக் வாயிலிருந்து இரண்டு விரல் தூரம். தூரத்தில் பிடித்துக்கொண்டு வொலியூமைத் திருகுவதுதான் எல்லோரும் செய்வது.

சொல் விளங்காததற்குக் காரணம் வேறு. ஹோர்ன் தாழ்ந்த ஒலியைத் தராது. அம்பிளிஃபயரில் ‘பாஸ்’ குமிழைக் கூட்டினால் கரகரப்புத்தான் கூடும். அதை முழுவதும் இறக்கிவிடுங்கள். எக்கோவை அடியோடு நிறுத்துங்கள். கோயில் திருவிழாவுக்கு வைத்த எக்கோ அப்படியே போராட்டத்துக்கும் வந்துவிடுகிறது. ஹோர்ன் ஆள் உயரத்துக்கு மேலே, நிலத்திலிருந்து இரண்டரை மீற்றரில், வாய் சற்றுக் கீழே பார்க்க இருக்கட்டும். முன்வரிசையின் காது தப்பும், பின்வரிசைக்கும் போய்ச் சேரும்.

காற்றையும் பாருங்கள். ஒலி காற்றோடு போகும், எதிர்த்தால் மேலே வளைந்து தலைக்கு மேலால் போய்விடும். கச்சான் (தரையிலிருந்து கடலுக்குப் போகும் தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் ஹோர்ன் தரைப் பக்கம் நின்று கடலைப் பார்க்கவேண்டும், கூட்டம் நடுவில். சம்பந்தர் பாடிய குரைகடல் இது, அதோடு போட்டி போட்டு வெல்ல முடியாது. அலை ஓரத்திலிருந்து 30 மீற்றராவது உள்ளே வந்து கூடுங்கள்.

60 வற் அம்பிளிஃபயர் முழுச் சத்தத்தில் 12 வோல்ற் பற்றரியிலிருந்து 8 அம்பியர் வரை இழுக்கக்கூடும். 40 அம்பியர்-மணி பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்தால் இரண்டரை மணி நேரம் கணக்கு. உரைகளுக்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், பேச்சாளர்களைக் குறைக்க நல்ல சாட்டு.

பாடுவதற்கு அனுமதி வேண்டுமா? – வாசகர், தம்பலகாமம்

பாடுவதற்கு வேண்டாம், கருத்து வெளிப்பாடும் அமைதியாகக் கூடுவதும் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையில் உள்ளவை. பொது இடத்தில் ஒலிபெருக்கிக்கு வேண்டும். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80 ஆம் பிரிவின்படி பொலிஸ் அனுமதி. இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்பது உயர் நீதிமன்றம் 2007 இல் இட்ட கட்டளை. ஊர்வலத்துக்கு 77 ஆம் பிரிவின்படி, தொடங்கும் இடத்துக்கு அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது 6 மணி நேரம் முன்னதாக அறிவித்தல். இரண்டும் இரண்டு கடிதம், பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி, பாடசாலை, நீதிமன்றம் வந்தால் ஹோர்னை நிறுத்திவிட்டு வெறும் வாயால் நடக்கவேண்டும்.

வரிகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதை நூலுக்காக மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். பிணை 2021 டிசம்பரில், விடுதலைத் தீர்ப்பு 2023 டிசம்பரில். தமிழ்க் கவிதை மொழிபெயர்ப்பில் எப்படி எப்படியெல்லாம் வாசிக்கப்படலாம் என்பதற்கு அந்த மூன்றரை வருடம் சாட்சி. ஆகவே பாட்டின் சிங்கள மொழிபெயர்ப்பை நீங்களே நல்ல ஆளைக் கொண்டு செய்து, கடிதத்தோடு ஒரு பிரதி கையில் வைத்திருங்கள். ‘வெட்டுவோம்’, ‘எரிப்போம்’ போன்ற உவமைகள் அழகாக இருந்தாலும் விடுங்கள். இனத்தையோ மதத்தையோ தொடும் அடி 2007 இன் 56 ஆம் இலக்கச் சட்டத்துக்குள் (இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம்) போய் விழலாம். ஆளின் பெயருக்குப் பதில் பதவியைச் சொல்லுங்கள். குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டாலும் மானநஷ்ட வழக்கு இருக்கிறது.

சினிமா மெட்டில் எழுதலாமா? உடனே பிடிபடுகிறதே. – பல்கலைக்கழக மாணவி

தெருவில் எடுபடும், இணையத்தில் ஏற்றினால் ஒலி முடக்கப்படலாம். 2003 இன் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை. பாரதி 1921 இல் இறந்தார், வரிகள் பொதுச்சொத்து. ஆனால் பின்னால் வந்தவர் போட்ட மெட்டு அவருடையது. அமெரிக்க உரிமைப் போராட்டப் பாட்டான ‘வீ ஷால் ஓவர்கம்’ 2018 இல் வழக்கு இணக்கத்தோடு எல்லோருக்கும் பொதுவானது. எங்கள் யோசனை: கும்மி, வசந்தன், அம்பா, கரகப் பாட்டு மெட்டுகள் இருக்க ஏன் கடன்? சிங்கள மீனவரும் மாதெல் (கரைவலை) இழுக்கும்போது எடுப்பதும் வாங்குவதுமாகத்தான் பாடுகிறார்கள். எடுப்பை இரு மொழியில் மாற்றி மாற்றிப் பாடிவிட்டு வாங்கும் அடியைப் பொதுவாக விட்டால் மூன்று சமூகமும் நிற்கும் கூட்டத்துக்குப் போதும்.

எண்ணூர்க் கழிமுகத்துக்காக 2017 இல் கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடலை அப்படியே பாடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் ‘பொறம்போக்கு’ என்பது பொதுநிலத்தின் பெயராக இருந்து வசைச்சொல்லாகிவிட்டது, பாட்டின் உயிர் அந்த முரணில். எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு அந்தச் சூடு இல்லை. கேட்டு ரசியுங்கள், பாடுவதற்கு உங்களுடையதை எழுதுங்கள்.

உண்மையைச் சொல்லுங்கள், பாட்டால் ஏதாவது நின்றிருக்கிறதா? – சம்பூர் வாசகர்

பாட்டால் மட்டும் நின்றதாக ஒன்றும் இல்லை. உங்கள் ஊரில் 500 மெகாவற் அனல்மின் நிலையம் வராது என்று 2016 செப்ரெம்பரில் அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்னது, மனுவும் வழக்கும் மக்கள் எதிர்ப்பும் சேர்ந்த பிறகு. கொடைக்கானலில் யூனிலீவர் நிறுவனத்தின் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001 இல் மூடப்பட்டது. நோயுற்ற தொழிலாளர் பல ஆண்டு வழக்காடினார்கள். சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ற்’ 2015 இல் உலகம் முழுவதும் பரவியது, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருடன் நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது. பாட்டுக்கு முன்னரே வழக்கும் தொழிலாளரின் ஆவணமும் ஆயத்தமாக இருந்ததைக் கவனியுங்கள். பாட்டு ஆளைக் கூட்டும், கூடியவர் கையெழுத்திட மேசையும் தாளும் வேண்டும். பாட்டு முடியும் இடத்தில் அந்த மேசை இல்லாவிட்டால் கூட்டம் கலைந்து தேநீர்க் கடைக்குப் போய்விடும்.

பறைமேளத்தை எங்கள் இளைஞர்களே பழகி அடிக்கிறார்கள். பரம்பரையாக வாசிப்பவர்கள் முகம் கொடுப்பதில்லை. – பெயர் தவிர்க்கப்பட்டது

அவர்களைச் சாவீட்டுக்கு மட்டும் கூப்பிட்டு, வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்த ஊரில், அதே மேளம் இப்போது ‘புரட்சிக் கருவி’ என்றால் முகம் எப்படி வரும்? போய் நேரில் கேளுங்கள். கற்றுத் தரச் சொல்லிக் கூலி பேசுங்கள், முன்வரிசையில் அவர்கள் நிற்கட்டும், சாப்பாட்டுப் பந்தியில் ஒன்றாக இருங்கள். வரமாட்டோம் என்றால் அதுவும் அவர்கள் உரிமை; உங்களிடம் உடுக்கு, றபான், எண்ணெய்த் தகரம் இருக்கிறது.

வாடைக் காலத்தில் தோல் தளர்ந்து தொம் தொம் என்கிறது. – வாசகர், நிலாவெளி

ஆட்டுத்தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும். தென்னோலை கொளுத்தி, சுவாலையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துச் சுழற்றிக் காட்டுங்கள். கணீரென்றதும் எடுத்துவிடவேண்டும், கூடினால் விளிம்பில் கிழியும். மழைக்காற்றில் ஒரு சூடு அதிக நேரம் நிற்காது. ஆகவே இரண்டு கருவி: ஒன்று கையில், ஒன்று நெருப்பருகே. நனைந்ததைப் பொலித்தீனில் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அடைமழை என்றால் தோலை வீட்டில் விட்டுவிட்டுத் தகரத்தை எடுங்கள்.