1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே அமெரிக்க விமானம் குண்டுவெடித்து விழுந்த தாக்குதலுக்கு, லிபியாவை ஆண்ட கடாபி இழப்பீடே கட்டிவிட்டார். பிறகு ஏன் இன்னமும் "சந்தேகம்" என்றே எழுதுகிறார்கள்?

மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது. லாக்கர்பி வழக்கில் இதுவரை தண்டனை பெற்றவர் ஒரே ஒரு லிபிய உளவுத்துறை அதிகாரி. கடாபி உத்தரவிட்டார் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதவில்லை. 2003இல் பணம் கட்ட ஒப்புக்கொண்டது, பொருளாதாரத் தடையை நீக்கிக்கொள்ள நடந்த பேரம்.

கடாபி அரசு பயங்கரவாதத்துக்கு உதவியதா என்று பொதுவாகக் கேட்டால், உதவியது. அதற்கு லாக்கர்பியைவிட உறுதியான சான்றுகள் வேறு வழக்குகளில் உள்ளன. முதலில் லாக்கர்பியைப் பார்த்துவிடலாம்.

1988 டிசம்பர் 21, மாலை 7.03. லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் புறப்பட்ட பான் ஆம் 103, கிளம்பி 38 நிமிடத்தில் 31,000 அடி உயரத்தில் வெடித்தது. விமானத்தில் இருந்த 259 பேரும், ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊரில் வீட்டில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். சிதறல்கள் 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விழுந்து கிடந்தன. கல்லாகவும் செடியாகவும் இல்லாத எதையும் எடுத்துப் பையில் போடு என்பதுதான் தேடியவர்களுக்குச் சொல்லப்பட்ட விதி. அப்படிப் பொறுக்கியதில் ஒரு சரக்குக் கன்டெய்னரின் கிழிந்த தகடு, சாம்சோனைட் சூட்கேஸின் துண்டுகள், தோஷிபா ரேடியோ கேசட் பிளேயரின் மிச்சம், மால்டாவில் தைத்த துணிகள் என்று வரிசையாகக் கிடைத்தன.

வழக்கு முழுக்க நின்றது விரல் நகமளவு சர்க்யூட் போர்டுத் துண்டு ஒன்றின் மேல். கருகிய சட்டைக் கழுத்துப்பட்டைக்குள் அது சிக்கியிருந்தது. துணி கிடைத்தது 1989 ஜனவரியில். துண்டை வெளியே எடுத்தது மே மாதம். 1990இல்தான் அதை எம்.எஸ்.டி.-13 என்ற டைமரோடு பொருத்திப் பார்த்தார்கள். அதைத் தயாரித்த சூரிச் நிறுவனமான மேபோ, லிபியாவுக்கு 20 டைமர் கொடுத்திருந்தது. லிபியாவுக்கு முடிச்சு விழுந்தது இப்படித்தான்.

ஓட்டைகளும் இதே இடத்தில்தான். சட்டைத் துணி இருந்த பையின் லேபிளில் முதலில் 'துணி' என்று எழுதி, பிறகு அதன் மேலேயே 'சிதறல்' என்று திருத்தியிருந்தார்கள். இதற்கு லேபிளை எழுதிய போலீஸ்காரர் கொடுத்த விளக்கம் நழுவலாகவோ குழப்பமாகவோ இருக்கிறது என்று நீதிபதிகளே எழுதினார்கள். ஆனாலும் துண்டைச் சான்றாக ஏற்றுக்கொண்டார்கள். அதே மாதிரி டைமரில் இரண்டு கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவுத்துறைக்கும் போயிருந்தன. தீர்ப்புக்குப் பல ஆண்டுகள் கழித்து இன்னொன்று வெளிவந்தது: துண்டின் மேல் பூச்சு சுத்தமான வெள்ளீயம், ஒப்பிட எடுத்த மேபோ போர்டுகளிலோ வெள்ளீயமும் காரீயமும் கலந்த பூச்சு. வெப்பத்தில் காரீயம் ஆவியாகியிருக்கலாம் என்பது அரசுத் தரப்பு வாதம். எந்த மேல்முறையீட்டிலும் இது முழுமையாக விசாரிக்கப்படவில்லை.

அடுத்தது, மால்டாவின் ஸ்லீமாவில் இருந்த துணிக்கடைக்காரரின் சாட்சியம். சூட்கேஸில் இருந்த துணிகளை வாங்கிப் போனவர் ஒரு லிபியர், சுமார் 50 வயது, ஆறடி உயரம் என்றார். தண்டனை பெற்ற அப்துல்பாசித் அல்-மெக்ராகிக்கு அப்போது 36 வயது, உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். 1999இல் அடையாள அணிவகுப்புக்குச் சில நாட்கள் முன்புவரை மெக்ராகியின் படம் வந்த பத்திரிகை அந்தக் கடைக்காரரிடம் இருந்தது. வழக்கு முடிந்ததும் அமெரிக்காவிடமிருந்து அவருக்கு 20 லட்சம் டாலர் வெகுமதி போனது. இதையெல்லாம் வைத்து, தவறான தீர்ப்பாக இருக்கக்கூடும் என்று ஸ்காட்லாந்தின் வழக்கு மறுஆய்வு ஆணையம் 2007இல் ஆறு காரணங்களைச் சொன்னது. மெக்ராகி புற்றுநோயோடு 2009இல் விடுதலையாகி 2012இல் இறந்தார். அவர் குடும்பம் தொடர்ந்த மேல்முறையீட்டை 2021 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டப்படி பார்த்தால் தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

மூன்றாவது ஓட்டை சூட்கேஸின் பயணம். ஆளில்லாத சூட்கேஸ் மால்டாவில் ஏறி, ஃபிராங்பர்ட்டில் மாறி, ஹீத்ரோவில் மறுபடி மாறியது என்பது அரசுத் தரப்பின் கதை. மால்டா விமான நிலையக் கணக்கிலோ வாங்கிய பைகள் 55, ஏற்றியவையும் 55. சூட்கேஸ் எப்படி ஏறியது என்று விளக்க முடியாதது அரசுத் தரப்புக்குப் பெரிய சிக்கல் என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். வெடிப்பு நடந்த அன்று அதிகாலை ஹீத்ரோவின் பாதுகாப்புக் கதவு ஒன்றில் பூட்டு உடைந்து கிடந்த தகவலோ, தீர்ப்பு வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

(மூன்றரை வருடம் முன்பு, 1985 ஜூனில், ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் 329 பேரோடு விழுந்ததும் ஆளில்லாமல் ஏறிய ஒரு பையால்தான். அதற்குப் பிறகும் பான் ஆம் ஃபிராங்பர்ட்டில் பையையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு, எக்ஸ்ரே போதும் என்று இருந்தது. 1992இல் அமெரிக்க ஜூரி இதை வேண்டுமென்றே செய்த அலட்சியம் என்று சொன்னது.)

அப்படியானால் மெக்ராகி நிரபராதியா? அதுவும் அவ்வளவு எளிதில்லை. டிசம்பர் 20இல் அவர் மால்டாவுக்கு வந்ததும், வெடிப்பு நாளின் காலையில் அங்கிருந்து திரிப்போலிக்குப் பறந்ததும் வேறு பெயரில், உளவுத்துறை கேட்டு லிபிய அரசே வழங்கிய பாஸ்போர்ட்டில். அந்தப் பாஸ்போர்ட் அதன் பிறகு பயன்படவே இல்லை. மேபோ நிறுவனத்தோடு தொழில் தொடர்பும் அவருக்கு இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் பலவீனம், சேர்த்துப் பார்த்தால் கனம்: சந்தர்ப்ப சாட்சிய வழக்கு என்றாலே இப்படித்தான் இருக்கும். நெதர்லாந்தின் கேம்ப் ஜெய்ஸ்டில் ஜூரி இல்லாமல் அமர்ந்த மூன்று ஸ்காட்லாந்து நீதிபதிகள் 2001 ஜனவரி 31 அன்று இவரைக் குற்றவாளி என்றார்கள். உடன் குற்றம் சாட்டப்பட்ட ஃபிமாவை விடுவித்தார்கள்.

இனி பணம். 1992 முதல் ஐ.நா. தடையால் லிபியாவுக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்தே நின்றுபோனது. 2003 ஆகஸ்டில் லிபியா ஐ.நா.வுக்கு எழுதிய கடிதத்தின் வாசகம் கவனமாகச் செதுக்கியது: "தன் அதிகாரிகளின் செயல்களுக்குப் பொறுப்பு ஏற்கிறது" என்று இருக்கிறதே தவிர, நாங்கள் செய்தோம் என்று இல்லை. மேலிடத்து உத்தரவு இருந்ததா என்ற கேள்வியைத் தொடாமலேயே அந்த வாசகம் வேலையை முடித்துவிடுகிறது. குடும்பத்துக்கு ஒரு கோடி டாலர் என்பதையும் தவணையாகப் பிரித்தார்கள்: ஐ.நா. தடை நீங்கினால் 40 லட்சம், அமெரிக்கத் தடை நீங்கினால் 40 லட்சம், பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால் 20 லட்சம். கடைசித் தவணை இழுத்தடித்து 2008இல்தான் தீர்ந்தது. அமைதியை விலை கொடுத்து வாங்கினோம் என்று லிபியப் பிரதமர் ஷுக்ரி கானெம் 2004இல் பிபிசியிடமே சொன்னார். ஓரிரு நாளில் அரசு அதை மறுத்தது.

உறுதியான வழக்குகளுக்கு வருவோம். 1986 ஏப்ரல் 5, மேற்கு பெர்லினின் லா பெல் டிஸ்கோவில் குண்டு வெடித்து 3 பேர் இறந்தார்கள், 200க்கும் மேற்பட்டோர் காயம். கிழக்கு பெர்லின் லிபியத் தூதரகத்துக்கும் திரிப்போலிக்கும் இடையே போன செய்திகளை அமெரிக்கா இடைமறித்திருந்தது. பத்து நாளில் லிபியா மீது குண்டு போட்டது. உளவுத் தகவலை வைத்து விமானப் படையை அனுப்பலாம், நீதிமன்றத்தில் யாருக்கும் தண்டனை வாங்க முடியாது. ஜெர்மனி ஒன்றான பிறகு ஸ்டாசி கோப்புகள் கிடைத்தன, லிபியத் தூதரக ஊழியர் ஒருவர் வாய் திறந்தார். 2001 நவம்பரில் நான்கு பேருக்குத் தண்டனை. லிபிய உளவுத்துறையும் தூதரகமும் சேர்ந்து திட்டமிட்டது என்று பெர்லின் நீதிமன்றம் சொன்னது. கடாபியின் சொந்தப் பங்கு நிரூபணமாகவில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அமெரிக்க, ஜெர்மன் அரசுகள் உளவுத் தகவலைத் தர மறுத்ததைக் குறையாகவும் பதிவு செய்தது.

1989 செப்டம்பர் 19 அன்று பிரெஞ்சு விமானம் யு.டி.ஏ. 772 நைஜரின் பாலைவனத்தில் விழுந்து 170 பேர் இறந்த வழக்கு அதிகாரத்தின் உச்சிக்கு இன்னும் நெருக்கமாகப் போனது. 1999இல் பாரிஸ் நீதிமன்றம் தண்டித்த ஆறு லிபியர்களில் ஒருவர் அப்துல்லா செனுசி, கடாபிக்கு மச்சான் முறை. ஆனால் ஆறு பேரும் இல்லாமலே நடந்த விசாரணை. எதிர்த்தரப்புக் குறுக்கு விசாரணையைச் சந்திக்காத தீர்ப்பு என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

என்னைக் கேட்டால் மறுக்கவே முடியாத சான்று, வட அயர்லாந்தில் பிரிட்டனை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.வுக்குப் போன ஆயுதங்கள். 1987இல் பிரான்ஸ் கடற்கரைக்கு அருகே எக்சுண்ட் என்ற கப்பலைப் பிடித்தபோது உள்ளே சுமார் 150 டன் லிபிய ஆயுதங்கள், வெடிமருந்து, தோளில் வைத்துச் சுடும் விமான எதிர்ப்பு ஏவுகணைகள் இருந்தன. அதற்கு முன்பே நான்கு சரக்குகள் பிடிபடாமல் போய்ச் சேர்ந்திருந்தன. இதில் சாட்சியின் ஞாபகமோ துண்டு போர்டோ தேவைப்படவில்லை. தடை நெருக்கிய 1990களில் என்னென்ன கொடுத்தோம் என்ற விவரத்தை லிபியாவே பிரிட்டனிடம் கொடுத்தது.

லாக்கர்பி இன்னும் மூடப்படவில்லை. குண்டைச் செய்தவர் என்று அமெரிக்கா குற்றம் சாட்டும் அபு அகிலா மசூத் 2022 டிசம்பரில் வாஷிங்டனுக்குக் கொண்டுவரப்பட்டார். 2012இல் லிபியச் சிறையில் அவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தில் லா பெல்லும் வருகிறது, கடாபி நேரில் நன்றி சொன்னதும் வருகிறது. கடாபிவரை கை நீட்டும் சான்று இது. மசூத் குற்றத்தை மறுக்கிறார். வாக்குமூலம் மிரட்டி வாங்கியது என்பது அவர் தரப்பு வாதம். அந்தக் காகிதம் எப்படி, யார் முன்னிலையில், எந்த நிலையில் எழுதப்பட்டது என்பதைத்தான் இந்த வழக்கில் கவனிக்க வேண்டும். அதோடு, 25 வருடம் முன்பு கேம்ப் ஜெய்ஸ்டில் பதில் கிடைக்காத மால்டா சூட்கேஸுக்கு இவர் மூலமாவது ஒரு விளக்கம் வருகிறதா என்பதையும்.