காசினோ டீலர் சீட்டுக் கலைப்பதை மென்பொருளில் வடிவமைத்து அனிமேஷன் செய்வது எப்படி? கையில் தொடங்குவதா, சீட்டில் தொடங்குவதா?

முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளான ப்ளெண்டரும், நிரல்மொழியான பைத்தானும் ஓரளவு தெரியும் என்றும், காசினோவில் சீட்டு கலைக்கும் முறையை விளக்கும் காணொளி ஒன்றைச் செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கையும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். 52 எழுத்துகள் உள்ள ஒரே ஒரு வரியில் தொடங்குங்கள். அது என்ன வரி என்பதற்கு முன், இதே வேலையில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

டீலர் பயிற்சிக்கான காணொளி ஒன்றைச் செய்து தரும் வேலை வந்தது. எனக்குத் தெரிந்த ரிஃபிள், எல்லாருக்கும் தெரிந்ததுதான். கட்டை இரண்டாக வெட்டு, இரு பாதிகளின் மூலைகளையும் கட்டைவிரலால் தூக்கு, மாறி மாறி விழவிடு, சேர்த்துத் தள்ளு. 26 இந்தப் பக்கம், 26 அந்தப் பக்கம், இடது ஒன்று, வலது ஒன்று என்று அழகாக எழுதி முடித்தேன். பார்க்கவும் நன்றாகவே இருந்தது. கேட்டவர்கள், "எட்டு முறை கலைத்த பிறகு கட்டை மேசையில் விரித்துக் காட்டுங்கள்" என்றார்கள். விரித்தேன். இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் இரண்டு, இஸ்பேட் மூன்று என்று புதுக் கட்டைப் பிரித்தது போலவே கிடந்தது. கோப்பு சேமிக்கப்படவில்லை என்று நினைத்துப் பாதி இரவு கீஃபிரேம்களை (எந்த நொடியில் எந்தச் சீட்டு எங்கே இருக்கும் என்ற குறிப்புகளை) தோண்டிக்கொண்டிருந்தேன்.

கோப்பில் குற்றமில்லை. மேல் சீட்டு மேலேயே நிற்கும்படி துல்லியமாக ஒன்றுக்கு ஒன்று பின்னினால், எட்டாவது முறையில் 52 சீட்டுகளும் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மேலிருந்து இரண்டாவது சீட்டு 3-ஆம் இடத்துக்குப் போகும்; பிறகு 5, 9, 17, 33; அங்கே அது கீழ்ப்பாதியில் இருப்பதால் 14-க்குத் தாவும்; பிறகு 27; பிறகு மறுபடியும் 2. மேல் சீட்டு இரண்டாவதாக இறங்கும்படி பின்னினால் திரும்பி வர 52 முறை ஆகும். மாயாஜாலக்காரர்கள் இதை வைத்தே பிழைக்கிறார்கள். நானோ சீட்டைக் கலைப்பதாக நினைத்து அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பல வருடம் மேசையில் நின்று ஓய்வுபெற்ற டீலர் ஒருவரிடம் அந்தக் காணொளியைக் காட்டினேன். இரண்டு விநாடி பார்த்தார். "தம்பி, இது கை கலைத்தது இல்லை. ஜிப்பை இழுத்து மூடுகிற மாதிரி இருக்கிறது" என்றார். அவ்வளவுதான், அந்தப் பதிப்பைத் தூக்கிப் போட்டேன்.

மனிதக் கை எப்படிப் பின்னுகிறது என்பதற்கு நல்ல கணித மாதிரி ஒன்று இருக்கிறது. கில்பர்ட், ஷேனன், ரீட்ஸ் மூவரின் பெயரால் அழைக்கப்படுவது. 1955-இல் பெல் ஆய்வகத்தில் கில்பர்ட் எழுதிய குறிப்பிலிருந்து வருகிறது. ஷேனன் என்பவர் தகவல் கோட்பாட்டின் தந்தையான அதே ஷேனன்தான். மாதிரி மிக எளிது. வெட்டும் இடத்தைத் தீர்மானிக்க 52 நாணயங்களைச் சுண்டி, தலை விழுந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் 22-க்கும் 30-க்கும் நடுவில் விழும். சரிபாதியாக வெட்டும் கை அபூர்வம் என்பதோடு இது பொருந்துகிறது. பிறகு ஒவ்வொரு சீட்டாக விழவிடும்போது, எந்தக் கையில் அதிகச் சீட்டு மீதமிருக்கிறதோ அந்தக் கையிலிருந்து விழும் வாய்ப்பு அதே விகிதத்தில் அதிகம். இடதில் 20, வலதில் 10 இருந்தால் அடுத்தது இடதிலிருந்து விழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு.

இதை ஓட்டினால் கிடைப்பதுதான் நான் சொன்ன வரி: வ இ இ வ இ வ வ வ இ வ இ இ… என்று 52 எழுத்துகள். 'இ' வந்தால் இடது கை, 'வ' வந்தால் வலது கை. ஒரு ரிஃபிளைப் பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். எங்கே வெட்டினோம் என்பது 'இ'க்களின் எண்ணிக்கை. சீட்டுகள் எந்த வரிசையில் வந்தன, எந்த இடத்தில் மூன்று சீட்டு கொத்தாக விழுந்தது என்பதெல்லாம் வரியிலேயே இருக்கும். அனிமேஷன் நிரல் இந்த வரியை மட்டும்தான் படிக்க வேண்டும். வரிசையைக் கணக்கிடும் நிரலுக்கு ப்ளெண்டர் என்று ஒன்று இருப்பதே தெரியக்கூடாது. இரண்டையும் கலந்து எழுதினால், ஒரு சீட்டின் அசைவைத் திருத்தப்போய்க் கட்டின் வரிசையைக் கெடுத்துவிடுவீர்கள். நான் கெடுத்தேன்.

சீட்டுக் கலைத்துப் பழகிய கை என்றால் கொத்துகள் சிறியவை. தேர்ந்த டீலர் பெரும்பாலும் ஒவ்வொன்றாகவே விழவிடுவார். புதியவர் கையில் நாலும் ஐந்தும் சேர்ந்து விழும். "முன் சீட்டு விழுந்த அதே கையிலிருந்தே அடுத்ததும் விழ எவ்வளவு வாய்ப்பு" என்று ஒரு எண்ணை நிரலில் வைத்துக்கொண்டால் போதும். அதைக் கூட்டியும் குறைத்தும் கற்றுக்குட்டியையும் கைதேர்ந்தவரையும் ஒரே நிரலில் காட்டலாம். என் காணொளியில் பார்த்தவர்களுக்குப் பிடித்தது இந்த ஒப்பீடுதான்.

நிரல் சரியா என்று பார்க்க ஒரு சோதனை. கலைக்கும் முன் சீட்டுகளுக்கு மேலிருந்து 1 முதல் 52 வரை எண் கொடுங்கள். கலைத்த கட்டை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே 1-ஐத் தேடுங்கள், தொடர்ந்து கீழே 2, 3… அடுத்த எண் மேலே இருந்தால் மறுபடி உச்சிக்குப் போய்ப் புதிய சுற்று. ஒரே ஒரு ரிஃபிளுக்குப் பிறகு இரண்டு சுற்றுக்கு மேல் போகவே போகாது. இரண்டு ரிஃபிளுக்கு நான்கு, மூன்றுக்கு எட்டு. ஒரே ரிஃபிளுக்கு மூன்று சுற்று வந்தால் உங்கள் நிரலில் பிழை. இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது: ஐந்து ரிஃபிளுக்கு அதிகபட்சம் 32 சுற்று, கட்டைத் தலைகீழாக்கினால் 52 சுற்று, ஆகவே ஐந்து ரிஃபிளில் எப்படிக் கலைத்தாலும் கட்டு தலைகீழாகாது. எட்ட முடியாத வரிசைகள் அத்தனை இருக்கின்றன.

ஏழு முறை கலைத்தால் போதும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கணிதவியலாளர்கள் பேயரும் டயாகோனிஸும் 1992-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த பேச்சு அது. முழுக்கக் கலைந்த கட்டிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரை அளந்தால், ஐந்து ரிஃபிளில் 0.924, ஆறில் 0.614, ஏழில் 0.334, எட்டில் 0.167. ஏழாவதில் கதவு ஒன்றும் திறப்பதில்லை. சரிவு தொடங்கிவிட்டது என்பதுதான் செய்தி. காணொளியில் "ஏழு முறை கலைத்தால் முழுக்கக் கலைந்துவிடும்" என்று போட்டுவிடாதீர்கள்.

போக்கர் மேசையில் ஏழெல்லாம் பார்க்க முடியாது. அங்கே வழக்கமான வரிசை: ரிஃபிள், ரிஃபிள், ஸ்ட்ரிப், ரிஃபிள், கடைசியில் வெட்டு. ஸ்ட்ரிப் என்பது மேலிருந்து சிறு சிறு கொத்தாக உருவி ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது. கொத்துகளின் வரிசை தலைகீழாகும், கொத்துக்குள்ளே எதுவும் மாறாது. புதுக் கட்டானால் முதலில் எல்லாவற்றையும் மேசையில் கவிழ்த்துப் பரப்பி உள்ளங்கையால் துழாவுவார்கள். அதற்கு வாஷ் என்று பெயர். ஒவ்வொன்றையும் தனிச் செயலாக எழுதிப் பட்டியலாகக் கோத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பு என்பது இந்தப் பட்டியல்தான். ஸ்ட்ரிப்பை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது, வெட்டை முன்னால் போட்டால் என்ன ஆகிறது என்று ஒரே வரியை மாற்றிப் பார்க்கலாம்.

இனி அசைவு. நேரம் விழுங்குவது இதுதான்.

முதலில் அளவு. போக்கர் சீட்டு 63 மில்லிமீட்டர் அகலம், 88 உயரம், தடிமன் சுமார் 0.3. இதை ப்ளெண்டரில் மீட்டர் கணக்கில் அப்படியே போட்டால், கேமராவை அருகே கொண்டுபோகும்போது சீட்டு காணாமல் போகும், கேமரா 0.1 மீட்டருக்கு உள்ளே இருப்பதை வரையாது என்பது அங்கே இயல்பு அமைப்பு. ஒரு அலகு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து 100 மடங்கு பெரிதாக்கிவிடுங்கள். அடுக்கிய சீட்டுகளின் பரப்புகள் ஒன்றோடொன்று சண்டையிட்டு மினுக்கும் தொல்லையும் பெருமளவு குறையும்.

இயற்பியல் உருவகப்படுத்தலை நம்பாதீர்கள். நான் ஒரு வாரம் வீணாக்கினேன். 52 மெல்லிய தகடுகள் உரசிக்கொண்டு கிடப்பதைக் கணக்கிடச் சொன்னால் மென்பொருள் திணறும். சீட்டு சீட்டுக்குள் புகும், அல்லது கட்டு வெடித்துச் சிதறும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு வளைவு மாடிஃபையர் (வடிவத்தை வளைத்துக் காட்டும் ப்ளெண்டர் கருவி) கொடுத்து, எவ்வளவு வளைய வேண்டும் என்ற எண்ணை நிரலே ஓட்டட்டும். கட்டைவிரல் பிடித்திருக்கும்வரை மூலை வளைந்திருக்கும். விட்டதும் இரண்டு மூன்று பிரேமில் நேராகும். அவ்வளவே போதும், கண் நம்பிவிடும்.

ரிஃபிளில் முதலில் விழுவது அடிச்சீட்டு. உங்கள் வரியின் முதல் எழுத்து கலைத்த கட்டின் அடிச்சீட்டு; அங்கிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். இதைத் தலைகீழாக எழுதி, உச்சிச் சீட்டு மற்றவற்றைத் துளைத்துக்கொண்டு இறங்கும் காட்சியை நானும் ரசித்திருக்கிறேன்.

இன்னொரு நுணுக்கம், உண்மைக் கட்டை மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. பின்னி முடித்து, தள்ளுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். மூலைகள் கோத்திருக்கும் இடத்தில் 52 சீட்டின் தடிமன், ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். வெளி ஓரங்களில் பாதிக் கட்டுதான், 8 மில்லிமீட்டர். அதனால் இரண்டு பாதிகளும் நடுவை நோக்கி மெல்ல ஏறிய இரண்டு சரிவுகளாக நிற்கும்; உள்ளே தள்ளத் தள்ள அந்தச் சரிவு தட்டையாகும். சீட்டுகளைக் கிடையாகவே வைத்து நகர்த்தினால் எங்கோ பொய் இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கும். என்னவென்று சொல்லத் தெரியாது. பொய் அங்கேதான்.

வேகம்: ஒரு விநாடியில் ரிஃபிள் முடிந்தால், 24 பிரேமில் 52 சீட்டு விழ வேண்டும். பிரேமுக்கு இரண்டுக்கும் மேல். கீஃபிரேமை முழு எண்ணில் போட்டால் சீட்டுகள் ஜோடி ஜோடியாகக் குதிக்கும். பின்ன எண்ணில் போடுங்கள், அசைவு மங்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்கக் காட்சி என்றால் பத்து மடங்கு மெதுவாக்கிவிடுங்கள். விழும் இடைவெளியும் ஒரே சீராக வேண்டாம். கட்டைவிரல் தொடக்கத்தில் தயங்கும், நடுவில் ஓடும், கடைசி இரண்டு மூன்று சீட்டில் தளரும்.

கைகளைப் பற்றி: முதல் பதிப்பில் கை வேண்டாம். சீட்டு சரியாக அசைந்தால் கை இல்லாத குறை தெரியாது. கை சுமாராக அமைந்தால் சீட்டு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

ஆறு கட்டு, எட்டுக் கட்டு சேர்த்தாடும் பிளாக்ஜாக் மேசையை வடிவமைப்பதானால் 312 அல்லது 416 சீட்டு. அங்கே ஒவ்வொரு சீட்டையும் அசைக்க முயலாதீர்கள். குவியல்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி எடுத்துப் பின்னி அடுக்குகிறார்கள் என்பதுதான் அங்கே கதை. சீட்டின் தொடக்க இடத்தைப் பொறுத்து நீலத்திலிருந்து சிவப்பு வரை ஒரு வண்ணம் பூசி, கட்டின் பக்கவாட்டை மட்டும் காட்டுங்கள். சரியாகக் கலையாத இடம் பட்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கொத்தாக நகரும் சீட்டுகளை ஆட்டக்காரர்கள் கண்ணால் பின்தொடர்வது காசினோக்களுக்குப் பழைய தலைவலி. அந்தப் பட்டைதான் அவர்கள் தேடுவது. இயந்திரமும் விதிவிலக்கல்ல. பத்துத் தட்டுகள் கொண்ட கலைக்கும் இயந்திரம் ஒன்றை டயாகோனிஸ், ஃபுல்மன், ஹோம்ஸ் மூவரும் ஆராய்ந்தபோது, ஒவ்வொரு சீட்டாகத் திறந்து காட்டிக்கொண்டே அடுத்ததை ஊகிக்கச் சொன்னால் சராசரியாக ஒன்பதரைச் சீட்டைச் சரியாகச் சொல்ல முடியும் என்று கண்டார்கள். முழுக்கக் கலைந்த கட்டில் அது நாலரைதான்.

தற்செயல் எண்ணுக்கு, காணொளிக்கு மட்டும் என்றால் விதை எண்ணை (தற்செயல் எண்களின் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்ணை) ஒரே எண்ணாகப் பூட்டிவையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை ரெண்டர் செய்யும்போதும் வேறு கட்டு வரும். பணம் வைத்து ஆடும் விளையாட்டு என்றால் கதையே வேறு. 1999-இல் ஒரு இணையப் போக்கர் தளத்தின் கலைக்கும் நிரலை ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். விதை எண் நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிவிநாடிகள். ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம்தான். 52 சீட்டை அடுக்கும் வழிகளோ 68 இலக்க எண். சில சீட்டுகளைப் பார்த்ததும் மீதியைச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது பதிப்பை அதே டீலரிடம் காட்டினேன். இந்த முறை முழுக்கப் பார்த்தார். வெட்டு, ரிஃபிள், ஸ்ட்ரிப் எதிலும் குறை சொல்லவில்லை. கடைசியில், "கட்டை மேசையிலிருந்து ஏன் தூக்குகிறாய்? அடிச்சீட்டு தெரிகிறதே, கிளாவர் ராணி" என்றார். போய்ப் பார்த்தேன். 214-ஆவது பிரேமில் கட்டு ஒரு விரற்கடை உயர்கிறது, தாழ்வாக வைத்த கேமராவில் கிளாவர் ராணி பளிச்சென்று தெரிகிறாள். கட்டை மேசையோடு மேசையாக இறக்கி, வெட்டியதும் அடியில் மறைப்புக்கு வைக்கும் பிளாஸ்டிக் அட்டையையும் சேர்த்து, மறுபடி ரெண்டருக்குப் போட்டேன்.