பி-1 விசா: சம்பளம் இங்கே, வேலை அங்கே?

கேள்வி: நூற்பாலை இயந்திரங்கள் தயாரிக்கும் எங்கள் நிறுவனம், அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள ஓர் ஆலைக்கு இயந்திரங்களை விற்றிருக்கிறது. அவற்றைப் பொருத்தித் தர இரண்டு மெக்கானிக்குகளை, குறுகிய கால வணிகப் பயணத்துக்கான பி-1 விசாவில் அனுப்பலாமா? சம்பளத்தை நாங்கள்தான் தருகிறோம்.
– கோவை வாசகர்

பதில்: அனுப்பலாம். ஆனால், சம்பளம் இங்கே தரப்படுகிறது என்பது மட்டும் போதாது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரத்தைப் பொருத்தவும், பழுதுபார்க்கவும், அந்த வேலைகளை அங்குள்ள தொழிலாளர்களுக்குக் கற்றுத்தரவும் பி-1 விசாவில் இடம் உண்டு. அதற்கு, பொருத்தித் தருவது விற்பவரின் கடமை என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். செல்பவருக்கு அந்த இயந்திரத்தைப் பற்றிய தனித்திறன் இருக்க வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்: பர்ச்சேஸ் ஆர்டரில் விலையும் கப்பல் செலவும் விலாவாரியாக இருக்கும், பொருத்தித் தருவது பற்றி ஒரு வரிகூட இராது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அந்த வரியைச் சேர்த்து, ஒப்பந்த நகலை இருவர் கையிலும் கொடுத்தனுப்புங்கள்; விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி கேட்கும்போது அது கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அல்ல.

இயந்திரம் நிற்பதற்கான கான்கிரீட் தளம் போடுவது, ஷெட் எழுப்புவது போன்ற கட்டுமான வேலைகளில் அவர்கள் கை வைக்கக் கூடாது. மற்றவர்கள் செய்வதை மேற்பார்வையிடலாம், அவ்வளவே. 2025 செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாய்–எல்ஜி பேட்டரி ஆலை கட்டப்பட்டுவந்த இடத்தில், அனுமதியின்றி வேலை செய்வதாகச் சந்தேகித்து 475 பேரைக் குடிவரவு அதிகாரிகள் பிடித்துவைத்தார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் தென்கொரியர்கள். அதன்பின் இரு நாடுகளும் பேசியபோது, இயந்திரங்களைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் பி-1 விசாவில் வரலாம் என்பதை அமெரிக்கா மீண்டும் உறுதிசெய்தது. அனுமதி உள்ள வேலைக்குப் போகிறவர்கள்கூட அதைக் காகிதத்தில் காட்டத் தயாராக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி: நான் மென்பொருள் பொறியாளர். அமெரிக்க வாடிக்கையாளரின் அலுவலகத்தில் மூன்று மாதம் அமர்ந்து புரோகிராம் எழுத, பி-1 விசாவில் போகச் சொல்கிறார் மேலாளர். சம்பளம் சென்னையில்தான். இது சரியா?
– சென்னை வாசகி

பதில்: சரியல்ல. வாடிக்கையாளரைச் சந்தித்து அவருடைய தேவைகளைக் கேட்டறியலாம், ஒப்பந்தம் பேசலாம், கருத்தரங்கில் கலந்துகொள்ளலாம். ஆனால், அங்குள்ள ஊழியர் ஒருவர் செய்யவேண்டிய அன்றாட வேலையை அவருடைய இடத்தில் அமர்ந்து செய்வது, சம்பளம் எங்கிருந்து வந்தாலும் வேலைவாய்ப்பாகவே கருதப்படும். அதற்குரியவை எச்-1பி போன்ற வேலை விசாக்கள். இவ்வகைக் குற்றச்சாட்டை மறுத்த இன்ஃபோசிஸ் நிறுவனம்கூட, 2013-இல் 3.4 கோடி டாலர் கொடுத்தே அமெரிக்க அரசுடன் சமரசம் செய்துகொண்டது. “மீட்டிங் என்று சொல்லிவிடுங்கள்” என்று மேலாளர் சொன்னால் அதற்கும் உடன்படாதீர்கள். அதிகாரியிடம் சொல்லும் பொய் உங்கள் பெயரில்தான் பதிவாகும், மேலாளர் பெயரில் அல்ல.

கேள்வி: என் பி-1 விசா பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரு பயணத்தில் எத்தனை நாள் தங்கலாம்?
– திருப்பூர் வாசகர்

பதில்: விசாவில் உள்ள தேதி, நுழைய அனுமதி கேட்பதற்கான காலத்தை மட்டுமே குறிக்கும். தங்கும் காலத்தை ஒவ்வொரு முறையும் குடிவரவு அதிகாரி முடிவு செய்து, ஐ-94 என்னும் வருகைப் பதிவில் குறிப்பார். நுழைந்தவுடன் அதை இணையத்தில் பார்த்துவிடுங்கள்; அந்த நாளைத் தாண்டித் தங்கினால், பத்தாண்டு விசாவும் தானாகவே செல்லாததாகிவிடும்.